வந்தாலும் தோற்கிற கை

இரணைமடுக் குளத்துக்குக் கீழே காடாகக் கிடந்த நிலத்தை ஒற்றைக் கோடாலியோடு வெட்டி வயலாக்கினேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். யாழ்ப்பாணக் குடாநாட்டில் எனக்கென்று பிரித்துத் தந்த பங்கு, வேலி ஓரத்தில் நின்ற ஒரு பனைமரம். அதை விற்ற காசில்தான் கோடாலி வாங்கினேன். ஆனை வந்து குடிசையைப் பிரித்துப் போட்டது, திரும்பக் கட்டினேன். திரும்பவும் வந்து பிரித்தது. அடுத்த முறை கல்வீடே கட்டினேன். உள்ளே பாறை, தண்ணீர் வராது என்று எல்லோரும் சொன்ன இடத்தில் கிணறு வெட்டித் தண்ணீர் கண்டேன். இரும்புக்கு விலைபேசிய உழவு மெசினை வாங்கி, எவனுடைய உதவியும் இல்லாமல் கழற்றிப் பூட்டி ஓட்டினேன். அரிசி ஆலை போட்டேன். இரண்டு பெண்பிள்ளைகளைக் கரைசேர்த்தேன். மலேரியாக் காய்ச்சலோடு வரம்பு கட்டிய நாட்கள் உண்டு. எனக்கு ஒருவரும் ஒன்றும் தூக்கித் தரவில்லை.

இதெல்லாம் என்னுடைய கைவேலை என்று கிளிநொச்சியில் எவரைக் கேட்டாலும் இன்றைக்கும் சொல்வார்கள். ஒரு சுவர் நிற்காவிட்டாலும் சொல்வார்கள். நான் உண்டாக்கிய ஒரே ஒரு காரியம் மட்டும் இன்னொருவர் பெயரில் ஊர் ஊராகத் திரிகிறது. அது முந்நூற்றி நாலு என்கிற சீட்டு விளையாட்டில் எப்போது வாயைத் திறக்க வேண்டும், எப்போது மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்கிற முறை. சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். என் மனிசியும் சிரிக்கிறா.

"வயல் போச்சு, ஆலை போச்சு, அதுகளுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை. உந்தக் காட்ஸ் விளையாட்டுக்குப் போய்ப் பேர் கேட்டுக்கொண்டு நிக்கிறியள்" என்கிறா.

வயலைப் பறித்தது ஷெல். ஷெல்லோடு எனக்கு என்ன வழக்கு? இதைப் பறித்தது என்னோடு ஒரு பாயில் இருந்து தேத்தண்ணீர் குடித்த மனிதர்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு கிளிநொச்சிச் சனம் முழுக்கச் சண்டையில் இடம்பெயர்ந்தபோது நாங்கள் முல்லைத்தீவுக் கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே ஒரு சம்மாட்டி தன் தென்னங்காணியின் மூலையில் கொட்டில் போட இடம் தந்தார். வள்ளமும் கரைவலையும் சொந்தமாக வைத்து, ஆட்களைக் கொண்டு தொழில் செய்கிறவரைத்தான் சம்மாட்டி என்பார்கள். இடம் தந்ததை நான் மறைக்கவில்லை. அந்த இடத்துக்காக நான் அவருடைய வலையை இழுத்ததையும் மறைக்க மாட்டேன். வாய்க்கால் மறித்துப் பழகிய கை வலைக்கயிற்றில் உரிந்து புண்ணாகியது. கரையில் என் பெயர் ஒருவருக்கும் தேவைப்படவில்லை. வயல் செய்கிறவன் என்று "கமக்காரன்" என்பார்கள், இல்லாவிட்டால் "கிளிநொச்சி" என்பார்கள். நிவாரணத்துக்கு வரிசையில் நிற்கும்போது "அகதி ஐயா". சொந்த ஆலை வைத்திருந்தவனுக்கு அந்த "ஐயா" செருப்படி மாதிரி.

வாடைக் காற்று தொடங்கினால் அந்தப் பக்கம் கடல் அடைத்துவிடும். வலை போட முடியாது. ஆட்கள் வாடியில், அதாவது வலையும் கயிறும் வைக்கும் கடற்கரைக் கொட்டிலில், பகல் முழுக்க முந்நூற்றி நாலு விளையாடுவார்கள். காசுப் பந்தயம் கிடையாது. சோழி என்கிற சோகிதான் பந்தயம், இரண்டு பேர் சேர்ந்த சோடிக்கு இத்தனை என்று எண்ணிக் கொடுப்பார்கள். சோகி முடிந்து தோற்ற சோடி, நூலில் கோத்த சோகியைக் காதில் தொங்கவிட்டுக்கொண்டு வாடியை விட்டு வெளியே வரவேண்டும். பெண்கள் மீன் காயவைக்கும் பக்கமாக நடந்து போகவேண்டும். அங்கே கிடைக்கிற பகிடியில் ஒரு கிழமைக்குத் தலை நிமிர்த்த முடியாது.

சம்மாட்டியின் காதில் எப்போதும் சோகி. காரணத்தை நான் பின்னால் நின்று பார்த்துக் கண்டுபிடித்தேன்.

விளையாட்டுத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நாலு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் சோடி. முதலில் ஆளுக்கு நாலு காட் மட்டும் போடுவார்கள். அந்த நாலை வைத்துக்கொண்டே, முந்நூற்றி நாலு புள்ளியில் இத்தனை எடுப்பேன் என்று கேட்க வேண்டும். அதுதான் கேள்வி; கேட்க விரும்பாதவர் "விட்டன்" என்பார். கூடக் கேட்டவர் கிளாவர், டயமன், ஆட்டின், ஸ்கோப்பன் என்கிற நாலு நிறத்தில் துரும்பு எது என்று ஒரு காட்டைக் கவிழ்த்து வைப்பார். அதற்குப் பிறகுதான் மற்ற நாலும் வரும். ஆகவே பாதிக் கையோடு வாக்குக் கொடுக்கிற விளையாட்டு இது. மற்றப் பாதியில் என்ன வரும் என்று ஒருவனுக்கும் தெரியாது. கேட்டதை எடுத்தால் மற்றச் சோடியிடமிருந்து ஒரு சோகி கிடைக்கும். எடுக்காவிட்டால் அவர்களுக்கு இரண்டு போகும்.

சம்மாட்டி எந்த நாலுக்கும் கேட்பார். "வலையை வீசாமல் மீன் வருமோ காணும்?" என்பது அவருடைய கதை. ஒரு நிறத்தில் மூன்று காட் கண்டால் அவருக்குக் கண் மின்னும். கடலில் அது சரியாக இருக்கலாம். வெறும் வலை வந்தால் ஒரு நாள் உழைப்புத்தான் போகும். இங்கே வெறும் கை வந்தால் இரட்டிப்பாகப் போகும். இந்த வித்தியாசம் அந்தக் கரை முழுவதிலும் ஒருவருக்கும் விளங்கவில்லை. எல்லோரும் வீசுகிறவர்கள்.

ஒருநாள் சம்மாட்டியின் சோடிக்காரர் காய்ச்சலில் படுத்துவிட்டார். எதிர்த்து விளையாட வந்தவர்கள் அடுத்த வாடிக்காரர்கள்: மீனவர் சங்கத் தலைவரும் அவருடைய மச்சானும். ஆள் தேடிச் சுற்றிப் பார்த்த சம்மாட்டியின் கண்ணில் நான் பட்டேன்.

"கமக்காரன், உமக்குக் காட்ஸ் பிடிக்கத் தெரியுமோ, மண்வெட்டி மட்டுந்தானோ?"

"காட்ஸைத் தாரும், பிறகு கதையும்" என்றேன்.

தலைவரின் மச்சான் சிரித்தார். "பாத்துக் குடுங்கோ சம்மாட்டி. விதைச்சுப்போட்டு ஆறு மாசம் பாத்துக்கொண்டிருக்கப் போறார்."

முதல் கையிலேயே எனக்குக் கிளாவரில் ஆஸ், ராசா, ராணி மூன்றும் வந்தன. நாலாவது உதவாத ஒரு டயமன். நான் "விட்டன்" என்றேன். தலைவர் பக்கம் கேட்டுத் தோற்றது. எங்களுக்கு இரண்டு சோகி வந்தது. ஆனால் காட்ஸைத் திருப்பிப் போட்டபோது என் மூன்று கிளாவரையும் சம்மாட்டி கண்டுவிட்டார்.

"உமக்கு விசரே? மூண்டு கிளாவரை மடியிலை வச்சுக்கொண்டு கோயிலிலை இருக்கிறமாதிரி இருக்கிறீர்!"

"அது வந்தாலும் தோக்கிற கை."

"என்ன வந்தாலும்?"

அன்று பின்னேரம் தென்னையடியில் வைத்து அவருக்கு விளக்கினேன். கேளுங்கள், இதுதான் அந்த முறை. இந்த விளையாட்டில் எல்லாவற்றுக்கும் மேல் ஜாக், அடுத்தது ஒன்பது. அதற்குப் பிறகுதான் ஆஸும் பத்தும். ராசாவும் ராணியும் நல்ல உடுப்புப் போட்ட வெறும் ஆட்கள். மூன்று கிளாவரோடு கேட்கிறவன் நாலாவது கிளாவருக்குக் காத்திருக்கிறான். சரி, வந்துவிட்டது என்று வைப்போம். ஏழு வந்தது, எட்டு வந்தது. கண்ணுக்கு நிறைவாக இருக்கும். ஆனால் மேலே ஜாக்கும் ஒன்பதும் வேறு எங்கேயோ இருக்கின்றன. எதிரியிடம் இருந்தால் உன் ஆஸையே அள்ளிக்கொண்டு போவான். எனவே அந்தக் கைக்கு உண்மையில் உதவக்கூடியது ஒரே ஒரு காட், ஜாக். அந்த ஒன்றை நம்பி இரண்டு சோகியை எவன் வைப்பான்?

காத்திருக்கலாம். நான் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கமக்காரன் அப்படிச் சொல்வானா? ஆனால் வந்தால் வெல்லுகிற காட்டுக்குத்தான் காத்திருக்க வேண்டும். ஜாக் உன் கையில் இருக்கிறதென்றால் ஒன்பதுக்குக் காத்திரு. வராவிட்டாலும் ஜாக் சாகாது. இரண்டு நிறத்தில் இரண்டு ஜாக் இருந்தால் கேள். எது வந்தாலும் ஒரு பக்கத்தால் உதவும். உனக்கு முன்னால் எதிரி கேட்டுவிட்டானென்றால் ஒரு நிமிசம் யோசி. அவன் எதை வைத்துக்கொண்டு கேட்டான்? நீ காத்திருக்கிற அதே காட் அவன் கைக்குள் இருக்கலாம். அப்படியானால் நீ பார்த்துக்கொண்டிருப்பது வெறும் ஆகாயம்.

இதை எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. என் வயலுக்குப் பக்கத்து வயல்காரர் ஒருமுறை குளத்து மட்டத்தைப் பார்க்காமல், மழை வரும் என்று சொல்லிக் கோடையில் கூட ஒரு துண்டு நிலம் சிறுபோகம் விதைத்தார். மழை வரத்தான் செய்தது. கதிர் முற்றி, அரிவி வெட்டி வயலில் போட்ட அன்று வந்தது. நெல்லெல்லாம் கிடந்த இடத்திலேயே முளைத்தது. அவர் கேட்ட மழை, அவர் கேட்ட அளவு. அதைப் பார்த்துக்கொண்டு வரம்பில் நின்றவன் நான்.

சம்மாட்டி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மணலைக் காலால் கிண்டினார். "அண்ணை, பேசாமல் இருக்கிறதும் ஒரு விளையாட்டோ?" என்றார். அன்றைக்குத்தான் முதன்முதலாக என்னை அண்ணை என்றார். அதை நான் பெரிதாக எடுத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

அந்த வாடை முழுக்க நாங்கள்தான் சோடி. அவரைப் பழக்குவதற்குப் பட்ட பாட்டுக்கு உழவு மெசினை மலையில் ஏற்றியிருக்கலாம். நாலு காட்டை எடுத்தவுடன் வாய் தானாகத் திறக்கும். நான் பாயை விரலால் தட்டிக் காட்டவும் கூடாது, அது கள்ளம். சோகியைக் காதில் போட்டுக்கொண்டு அவருக்குப் பின்னால் நானும் மீன் காயும் பக்கம் நடந்திருக்கிறேன். "கமக்காரன், தோடு நல்லா எடுப்பா இருக்கு, மனிசிக்கும் ஒரு சோடி கொண்டு போங்கோ" என்று கத்துவார்கள். அவர் கேட்ட கேள்விக்கு என் காதில் சோகி. அதையும் பொறுத்தேன். மெல்ல மெல்ல ஐந்து கைக்கு ஒருதரம், பிறகு மூன்று கைக்கு ஒருதரம் வாயை மூடப் பழகினார்.

கோயில் பெருநாளுக்கு அங்கே வாடிக்கு வாடி போட்டி வைப்பார்கள். பூசை முடிந்து, சாப்பாடு முடிந்து, கோயில் முன்றலில் பாய் விரிப்பார்கள். சுற்றிவரச் சனம். லொறி பற்றரியில் பூட்டிய ஒலிபெருக்கியில் ஒரு பொடியன் ஒவ்வொரு கேள்வியையும் சொல்லுவான். கடைசிப் போட்டியில் நாங்களும் தலைவரும் மச்சானும். எங்களிடம் ஒரு சோகி மிச்சம், அவர்களிடம் இரண்டு.

நாலு காட் போட்டாயிற்று. தலைவர் முதலில் நூற்றி அறுபது கேட்டார். அடுத்தது நான். என்னிடம் ஆட்டினில் ஜாக்கும் எட்டும். விட்டேன். மச்சான் விட்டார். இனிச் சம்மாட்டி.

அவருடைய கையில் கிளாவர் ஆஸ், பத்து, ராசா, கூட ஒரு ஆட்டின் ராணி. இது பிறகு தெரிந்தது. ஆனால் அவருடைய கண்ணைப் பார்த்தவுடன் ஒரு நிறத்தில் மூன்று வந்திருக்கிறது என்று எனக்கு விளங்கிவிட்டது. சனத்துக்கும் விளங்கியது. "கேளுங்கோ சம்மாட்டி, வீசுங்கோ!" என்று பின்னாலிருந்து சத்தம். கேட்காமல் விட்டால் கேள்வி தலைவருக்குப் போகும். தலைவர் எடுத்துவிட்டால் எங்கள் கடைசிச் சோகியும் போய், போட்டி முடிந்தது. கேட்டுத் தோற்றாலும் முடிந்தது. சம்மாட்டி என்னைப் பார்த்தார். நான் கோயில் கூரையைப் பார்த்தேன். என் முகத்தில் ஒன்றும் இல்லை. நான் சுத்தமாக விளையாடுகிறவன்.

"விட்டன்" என்றார் சம்மாட்டி.

ஒலிபெருக்கிப் பொடியன் சொல்ல மறந்துவிட்டான். ஒரு கிழவி, "உந்தாளுக்குச் சுகமில்லையோ?" என்று கேட்டது முன்றல் முழுக்கக் கேட்டது.

தலைவர் துரும்பைக் கவிழ்த்தார். மற்ற நாலும் வந்தன. முதல் பிடியிலேயே, அதாவது முதல் சுற்றிலேயே, துரும்பைத் திறந்து ஆட்டின் ஆஸை இறக்கினார். இங்கேதான் என் வேலை. என்னிடம் ஜாக் இருந்தது. அந்த ஆஸை அப்போதே பிடித்திருக்கலாம். பொறுமை இல்லாத எவனும் பிடித்திருப்பான். நான் எட்டைப் போட்டேன். மச்சான் ஏழு, சம்மாட்டி ராணி. தலைவர் என்ன நினைத்தார்? கமக்காரனிடம் ஜாக் இல்லை, அது மச்சானிடம் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்தார். அடுத்த பிடிக்கு ஒன்பதை இறக்கினார். நான் ஜாக்கைப் போட்டேன். மச்சானுடைய ராசா அதற்குள் விழுந்தது. ஆட்டின் முடிந்த சம்மாட்டி கிளாவர் பத்தை அதன் மேல் எறிந்தார். அந்த ஒரு பிடியோடு தலைவரின் கை உடைந்தது. பிறகு மற்ற நாலில் எனக்கு வந்த ஸ்கோப்பன் ஜாக்கும் சம்மாட்டிக்கு வந்த டயமன் ஜாக்கும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. அவர்கள் நூற்றி அறுபதுக்குக் கிட்டவும் வரவில்லை. இரண்டு சோகியும் எங்களுக்கு வந்தது.

முடிந்த பிறகு காட்ஸைத் திருப்பிப் பார்த்தார்கள். கிளாவர் ஜாக்கும் ஒன்பதும் மச்சானின் கையிலேயே சேர்ந்து இருந்தன. சம்மாட்டி கிளாவரில் கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே எங்கள் கதை முடிந்திருக்கும். அதைக் கண்டவுடன் சனம் துள்ளியது. "மூண்டு கிளாவரோடை விட்டாரே! என்ன மூளை! என்ன நெஞ்சு!" என்று சம்மாட்டியைத் தோளில் தூக்கினார்கள். ஆட்டின் ஜாக்கை ஒளித்து வைத்தவனை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பாயைச் சுருட்டிக்கொண்டு நின்றேன்.

ஒலிபெருக்கிப் பொடியன் கேட்டான்: "சம்மாட்டி, உப்பிடிப் பொறுக்கிறதுக்கு உங்களுக்கு ஆர் பழக்கினது?"

நான் தலையை நிமிர்த்தினேன். சம்மாட்டி சிரித்தார்.

"கடல் பழக்கினது தம்பி" என்றார்.

கடல்! கடல் அவருக்குப் பழக்கியது வீசத்தான். கடல் பழக்கியிருந்தால் ஏன் அத்தனை வருசமாகக் காதில் சோகி தொங்கியது? ஆனால் அந்தச் சொல் ஒலிபெருக்கியில் போய்விட்டது. பிறகு அந்தக் கரையில் எவனாவது நல்ல கையை வைத்துக்கொண்டு கேட்காமல் விட்டால், "சம்மாட்டி விட்டமாதிரி விட்டிட்டான்" என்று சொல்லத் தொடங்கினார்கள். நான் கேட்டும் கேளாமல் வலை இழுத்தேன். மனிதன் நாளைக்கு, நாளையின்றைக்கு ஒருநாள் உண்மையைச் சொல்லுவார் என்று நினைத்தேன். கொட்டில் அவருடைய காணியில் இருந்தது, என்ன செய்வது?

பிறகு கிளிநொச்சிக்குத் திரும்பிப் போகலாம் என்றார்கள். எத்தனை பேர் அந்தச் சொல்லுக்குக் காத்திருந்தோம்! போனோம். ஆலையின் இரும்பு ஒரு ஆணி மிச்சமில்லாமல் போயிருந்தது. கிணற்றுக்குள் என் வீட்டுக் கூரை கிடந்தது. வயலுக்குள் கால் வைக்க வேண்டாம், மிதிவெடி என்று பலகை நட்டிருந்தார்கள். அதனால் நெடுங்கேணிப் பக்கம் மூத்த மகள் வீட்டில் ஒதுங்கினேன்.

அங்கே போனமாதம் ஒரு செத்தவீடு. எட்டாம் நாள் எட்டுச் செலவு வரைக்கும் ஆட்கள் பந்தலில் இருந்து காட்ஸ் விளையாடுவது எங்கள் பக்கத்து வழக்கம். நானும் போய் வாங்கில் இருந்தேன். கடலையே காணாத ஒரு இளந்தாரி, நல்ல மூன்று ஸ்கோப்பனை வைத்துக்கொண்டு "விட்டன்" என்றான். பக்கத்தில் இருந்தவன் முதுகில் தட்டி, "சரியான சம்மாட்டி விடுகையடா!" என்றான்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "தம்பி, அது சம்மாட்டியின்ரை இல்லை. நான் பழக்கினது" என்றேன்.

"ஐயா, அது முல்லைத்தீவிலை ஒரு சம்மாட்டி. பெரிய விளையாட்டுக்காரன்."

"தெரியும். அவரின்ரை சோடி நான்தான்."

அவன் மற்றவனைப் பார்த்துக் கண்ணடித்தான். "ஓமோம். அவருக்கு ஆரோ வலை இழுக்கிற ஒராள்தான் சோடியாம். நீங்களே அது?"

பந்தலில் சிரிப்பு. செத்தவீட்டில் அவ்வளவு சிரிப்பு நான் கேட்டதில்லை.

அடுத்தநாள் விடியச் சைக்கிளை எடுத்தேன். இந்த வயதில் முல்லைத்தீவுக் கரைவரைக்கும் மிதித்தேன். சம்மாட்டி வாசலில் கதிரை போட்டு இருந்தார். வள்ளம் இல்லை; ஒருநாள் கடலில் போனது திரும்பவில்லையாம். வலை உக்கிப் போய்க் கிடந்தது. அவருடைய மனிசி பனங்கட்டியோடு தேத்தண்ணீர் கொண்டுவந்து தந்தா. குடித்து முடிக்கும்வரை பொறுத்தேன். பிறகு கேட்டேன்.

"சம்மாட்டி, உமக்கு அதைப் பழக்கினது ஆர்?"

அவர் நடிக்கவில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். "நீங்கள்தான் அண்ணை" என்றார்.

"அப்ப சொல்லுமன் சனத்துக்கு."

"இனிச் சொன்னாச் சனம் என்ன நினைக்கும்? நான் கடலிலை பிடிச்சதெல்லாம் வித்துச் சாப்பிட்டு முடிஞ்சுது. வள்ளமும் போச்சு. என்னைப் பற்றிச் சனம் கதைக்கிறது உது ஒண்டுதான். உங்களுக்கு வயல், ஆலை, கிணறு எண்டு எத்தினை இருந்தது. இது எனக்கு இருக்கட்டுமன்."

இருந்தது என்றார். இருக்கிறது என்று சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை.

எனக்கு இரக்கம் வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வந்தது. ஆனால் நான் கட்டியவற்றில் ஷெல் விழாத ஒன்று, இரும்புக்காரன் கழற்றிக்கொண்டு போகாத ஒன்று, இன்றைக்கும் நெடுங்கேணியில் ஒரு இளந்தாரியின் வாயில் உயிரோடு இருக்கிற ஒன்று, இது மட்டும்தான். அதைத் தானம் பண்ணுகிற அளவுக்கு நான் இப்போது பணக்காரன் இல்லை. தேத்தண்ணீர்க் கோப்பையை வைத்துவிட்டு, "தரமாட்டன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகவே அந்தக் கரைச் சனத்துக்கும் பெருநாள் நடத்துகிறவர்களுக்கும் சொல்கிறேன். இந்த வருசமும் கோயில் முன்றலில் பாய் விரிப்பீர்கள், ஒலிபெருக்கி பூட்டுவீர்கள், அந்தப் பழைய போட்டியின் கதையைச் சொல்லுவீர்கள். சொல்லும்போது முழுக்கச் சொல்லுங்கள். மூன்று கிளாவரோடு விடச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஆட்டின் ஜாக்கை ஒரு பிடி பொறுத்து வைத்தவனும் நான். சம்மாட்டியை முன்னுக்குக் கதிரையில் இருத்திவைத்து, அவருக்குக் கேட்கச் சொல்லுங்கள். என் பெயரைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் அவரிடமே கேளுங்கள், அவருக்குத் தெரியும்.